உப்பேறியவர்

“கிளம்புய்யா இங்கிருந்து! நீ பக்கத்துல நின்னா எங்க யார் தூண்டில்லயும் மீன் விழாது. நீ ஒரு சலாடோ!”

காசிமீரோ கத்தியது அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

சலாடோ என்றால் உப்பேறியவன். மெக்சிகோவில், எங்கள் கொலிமா கடற்கரையில் ராசி கெட்டவனுக்கு அதுதான் பெயர். தூண்டில் போடுகிறவனுக்கு அதைவிடப் பெரிய வசவு கிடையாது.

திட்டு வாங்கியவர் எவோதியோ. குவாதலஹாராவில் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி ஹோர்தென்சியாவின் ஆஸ்துமாவுக்குக் கடல்காற்று நல்லது என்று இங்கே குடிவந்திருந்தார்.

“எங்கேய்யா போகச் சொல்றே?”

“அதோ, முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம். பாறை ஓரமா நின்னு உன் உப்பைக் கரைச்சுக்கோ. இந்தப் பக்கம் தலை காட்டாதே.”

எவோதியோ தூண்டிலைச் சுருட்டினார். கம்பையும் வாளியையும் எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி அந்தப் பக்கம் போனார்.

ஓய்வு பெற்ற நர்ஸ் எவுலாலியா சும்மா இருப்பாளா?

“எனக்கும்தான் ஒரு வாரமா எதுவும் விழலை. நானும் கிளம்பணுமா?”

“உனக்கு விழாதது உன் வாயால. மீனுக்கும் காது இருக்கு.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எவோதியோவின் நிலைமை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அலுவலகத்தில் அவர் பெயரில் ஏதோ ஓர் எழுத்து பிசகி, பென்ஷன் இன்னும் வந்து சேரவில்லை. தூண்டிலில் விழுவதுதான் வீட்டில் மதியச் சாப்பாடு. விழாத நாளில் வெறும் பீன்ஸ்.

முந்தின நாள்தான் நான் பிடித்த சங்கரா மீனை அவர் வாளியில் போட்டேன். அதை எடுத்து அலையில் விட்டுவிட்டார்.

“பாவம் வாத்தியாரே, இன்னும் துடிக்குது” என்றார் சிரித்துக்கொண்டே.

தானமெல்லாம் வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். காசிமீரோவும் பக்கத்தில் நின்று பார்த்தார். மறுநாள் இந்தக் கூத்து.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காசிமீரோ, எங்கள் ஊரில் ஆகவே ஆகாத நாளான பதின்மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமையாகத் தேடிப் பிடித்துக் கல்யாணம் செய்துகொண்ட மனிதர். பெண்வீட்டார் பாதிப்பேர் பயந்துபோய்க் கோயிலுக்கே வரவில்லையாம். அவருக்கு எப்போதிருந்து ராசி மேல் நம்பிக்கை? வேண்டாதவனை விரட்ட ஒரு வார்த்தை வேண்டியிருந்தது, அவ்வளவுதானா? அதைக் கேட்டுக்கொண்டு நான் ஏன் நின்றேன்?

சலாடோ போன பிறகும் எங்கள் பக்கம் மீன் வரவில்லை. காசிமீரோவின் வாளியிலேயே தண்ணீர்தான் ஆடியது.

“உப்பு யாருன்னு இப்ப தெரியுதா?” என்று எவுலாலியா குத்தினாள்.

“உன் வேலையைப் பாரு.”

எவோதியோ எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. தினமும் அந்தப் பக்கமாகவே வந்து, தென்னந்தோப்பு வழியாகவே வீட்டுக்குப் போனார். வாளியை ஈரச் சாக்கால் மூடியிருந்தார். வெறும் வாளியை எதற்கு மூட வேண்டும்?

ஒரு நாள் காலையில் மனசு கேட்காமல் நானும் தண்ணீரில் இறங்கி அந்தப் பக்கம் போனேன். ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்றுதான்.

என்னைப் பார்த்ததும் எவோதியோ உதட்டில் விரலை வைத்தார். சாக்கை விலக்கினார். உள்ளே இரண்டு ரோபாலோ மீன்கள். ஒவ்வொன்றும் கை நீளம்.

“யாருகிட்டயும் வாயைத் திறந்துடாதீங்க, வாத்தியாரே! அந்தத் தடியன் என்னை விரட்டிட்டதா நினைச்சுக்கிட்டிருக்கான். எங்க விரட்டினான்னு அவனுக்கே தெரியலை! தெரிஞ்சா வயிறெரிஞ்சே செத்துடுவான்.”

“உங்களுக்குக் கோபம் இல்லையா?”

“எதுக்குக் கோபம்? யாருகிட்டயாவது கையேந்தினேனா? திட்டு வாங்கினேன், மீன் பிடிச்சேன். நேத்து ஹோர்தென்சியா வறுத்த வாசனைக்குத் தெருப்பூனை மொத்தமும் வந்து உக்காந்துடுச்சு. என் பொண்டாட்டி பாடிக்கிட்டே சமைச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா?”

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

“குவாதலூப்பே மாதா மேல சத்தியம் பண்ணுங்க. காசிமீரோவுக்குத் தெரிஞ்சா வந்து இடத்தைப் பிடுங்கிக்குவான். அப்புறம் எங்க பாடு பீன்ஸ்தான்.”

சத்தியம் செய்தேன்.

நான் திரும்பி வந்தபோது காசிமீரோ இறாலைத் தூண்டில் முள்ளில் கோத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“என்ன, அந்த உப்பு மூட்டைக்கு ஏதாவது விழுதா?”

“ஒண்ணும் இல்லை” என்றேன்.

கைகொட்டிச் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் இறாலைக் கீழே வைத்தார்.

“ஒண்ணுமே இல்லையா?”

“ஒண்ணுமே இல்லை.”

காசிமீரோ எழுந்து நின்று முகத்துவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எவுலாலியா தள்ளி நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டு, என் பக்கம் நெருங்கி வந்தார். குரல் இறங்கிவிட்டிருந்தது.

“அப்படி இருக்காதே, வாத்தியாரே. இத்தனை வருஷமா, நீங்கள்லாம் எழுந்து வர்றதுக்கு முன்னாடி நான் நின்ன இடம் அது. ஒரு நாள்கூட வெறும் வாளியோட திரும்பினதில்லை. பாறைக்கு இடது பக்கமா எறியச் சொல்லுங்க. நீங்களா கண்டுபிடிச்ச மாதிரி சொல்லுங்க.”