மூலைக்கு ஏழாயிரத்து ஐநூறு

சமையலறைக்குப் படம் வரைந்து கொடுப்பதற்கெல்லாம் காசா என்று கேட்டுச் சிரித்தவர்கள் பலர். அதில் அனுஷியாவின் சொந்த மாமியாரும் அடக்கம்.

இரத்தினபுரியில் பென்ட்ரி கபட் என்கிற சமையலறை அலமாரிகள் செய்யும் ஒரு கடையில் ஆறு வருஷம் படம் வரைந்தவள் அவள். அங்கே படம் இலவசம். அந்தக் காசைப் பலகை விலையில் ஏற்றி வாடிக்கையாளர் தலையில் கட்டிவிடுவார்கள். அது பிடிக்காமல் வெளியே வந்து தனியாகத் தொழில் தொடங்கினாள். பலகை விற்பதில்லை, கமிஷன் வாங்குவதில்லை, வரைவதற்கு மட்டும் கூலி. சாதாரணச் சமையலறைக்கு முப்பதாயிரம். கோணல்மாணலான வீடென்றால், சிக்கலான ஒவ்வொரு மூலைக்கும் ஏழாயிரத்து ஐநூறு கூடுதல்.

நியாயமான விலைதான். மூன்று மாதமாக ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதுதான் குறை. இந்த மாதமும் இப்படியே போனால் பழைய முதலாளி முன்னால் போய் நிற்க வேண்டும். 

அப்போதுதான் மயில்வாகனம் என்றொருவர் போனில் அழைத்தார்.

ஓப்பநாயக்கவில், தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஒரு பெரிய வீடு. மாணிக்க வியாபாரி ஒருவர் கையில் காசு சேரும்போதெல்லாம் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டியதாம். அவர் செத்துப்போக, இவர் வாங்கியிருக்கிறாராம். முன்கதவுப் பூட்டு துருப்பிடித்துவிட்டதென்று சொல்லிப் பின்பக்கமாக அழைத்துப் போனார். உள்ளே போனதும் அனுஷியாவுக்குத் தலை சுற்றியது. சமையலறையிலேயே இரண்டு படி ஏறி, ஒரு படி இறங்கி, ஸ்டோர் ரூமைச் சுற்றிக்கொண்டு போனால் மறுபடியும் சமையலறை.

விலையைப் பயந்து பயந்துதான் சொன்னாள். ஒரு கட்டுக் கீரைக்கே பத்து நிமிஷம் பேரம் பேசுகிற ஊர். ஆனால் மனுஷன் பேரமே பேசவில்லை.

"நீங்க கேட்டதுல ஒரு சதம் கொறைக்க வேணாம். ஆனா ஒரு சுவரு விடாம அளக்கணும். தடிப்பு எவ்வளவுன்னு எழுதணும்."

கபட்டுக்கு என்ன நிறம் என்று கேட்டால், ஏதோ ஒன்று என்றார். அடுப்பு எந்தப் பக்கம் என்றால், எங்கே வைத்தாலும் எரியும்தானே என்றார். சரியான இளிச்சவாயர் என்று அனுஷியா முடிவுகட்டினாள். அந்த நிமிஷத்தில்தான் அவள் மனதுக்குள் சனியன் புகுந்தது.

சிக்கலான மூலைகள் மொத்தம் ஐந்து. ஆறாவதாக ஒன்று இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? வீட்டுக்கு வந்து படம் வரைந்தபோது ஸ்டோர் ரூமை மூன்றடி சுருக்கினாள். சுருங்கிய இடத்தில், நாலு பக்கமும் அடைத்த மூலை ஒன்று அழகாக முளைத்தது.

படத்தை விரித்ததும் மயில்வாகனத்தின் விரல் நேராக அங்கேதான் போய் நின்றது.

"இது என்னாங்க?"

"உள்ளுக்குள்ள மூடிக் கெடக்குற மூலைங்க. பழைய புகைக்கூண்டா இருக்கும். அத அளக்குறதுக்குள்ள நான் பட்ட பாடு," என்றாள் கூசாமல்.

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. வரைகூலி முப்பதாயிரத்தோடு ஆறு மூலைக்கும் சேர்த்து எழுபத்தைந்தாயிரத்தை அங்கேயே எண்ணிக் கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் அனுஷியாவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. மாமியாருக்கு ஒரு சேலை வாங்கினாள். விலைச் சீட்டை வேண்டுமென்றே கிழிக்காமல் கொடுத்தாள்.

நாலாம் நாள் பொலிஸிலிருந்து அழைப்பு வந்தது.

இன்ஸ்பெக்டரின் மேசையில் அவள் வரைந்த படம் விரிந்து கிடந்தது. கீழே பெயர், போன் நம்பர் எல்லாம் அவளே பெருமையாகப் போட்டது. அவள்மேல் ஒரு முறைப்பாடு இருப்பதாக அவர் சிங்களத்தில் தொடங்கினார். இல்லாத மூலைக்குக் காசு வாங்கி ஏமாற்றிவிட்டாளாம். சுவரை உடைத்துப் பார்த்த பிறகுதான் அது தெரிந்ததாம்.

 தொழில் போச்சு, பேர் போச்சு, இனி அந்தக் கபட் கடைக்காரன்கூடச் சேர்த்துக்கொள்ள மாட்டான் என்று அனுஷியாவுக்கு அழுகை முட்டியது. மறைக்காமல் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். ஏழாயிரத்து ஐநூறை எடுத்து மேசையில் வைத்தாள். மயில்வாகனம் ஐயாவின் வீட்டுக்கே போய்க் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னாள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம், நங்கி என்று தங்கையிடம் பேசுவதுபோலச் சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு அறையின் கோடிப் பக்கம் கையைக் காட்டினார்.

அங்கே, கொழும்பில் இருக்கும் மாணிக்க வியாபாரியின் மனைவிக்குச் சொந்தமான அந்த வீட்டுக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து, செத்தவர் பதுக்கிய கற்களைத் தேடிச் சுவரை இடித்தபோது பிடிபட்ட மயில்வாகனம், கம்பிகளுக்குப் பின்னால் நின்றபடி தன்னுடைய ஏழாயிரத்து ஐநூறைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.