எடுத்தவர் மனநிலை

மகனின் முதல் பிறந்தநாள் ஆல்பத்துக்காகத் தாரணி, கணவன் முகிலன் எடுத்த படங்களைக் கணினியில் பெயரிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள். புதிய மென்பொருள், கேமரா விவரங்களோடு படம் எடுத்தவரின் மனநிலையையும் காட்டியது.

கொடைக்கானலில் அவளை எடுத்த படங்களில் ‘மகிழ்ச்சி’ என்றிருந்தது. ஆஸ்பத்திரியில் அவள் குழந்தையை ஏந்தியிருந்த படத்தில் ‘சந்தேகம்’. அதற்குப் பின் எடுத்த அத்தனையிலும் அதே சொல்.

“இது என்னங்க?”

முகிலன் திரையைப் பார்த்தான். “ஏதோ தப்பாக் காட்டுது.”

“கொடைக்கானலுக்கு மட்டும் சரியாக் காட்டுதா?”

அவன் தயங்கினான். “பையன் நம்ம சாயல்ல இல்லன்னு அம்மாதான் சொன்னாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

முகிலன் திரையில் இருந்த படத்தை மூடினான். தவழ்ந்து வந்த மகன் அவன் காலைப் பிடித்து முதன்முறையாக எழுந்து நின்றான். முகிலனின் கை தானாகக் கேமராவுக்கு நீண்டது.

“இவனை இனிமே நீங்க படம் எடுக்க வேண்டாம்” என்று சொல்லி, தாரணி குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.