ஐந்து வண்டிகள்

அந்தப் பள்ளியில் கடைசியாக ஒரு பிள்ளையின் கையில் டிசியைக் கொடுத்து வெளியே அனுப்பி மூன்று வருஷம் ஆகிறது. டீச்சர்கள் சேலையில் குத்தியிருக்கும் பேட்ஜ்தான் அதற்குக் காரணம் என்பார்கள். பிள்ளைகள் சொல்லும் கஷ்டம் எதுவானாலும் அது கேட்டுக்கொள்ளும். உடனே போலீஸ், ஆஸ்பத்திரி, ரேஷன், கல்வி, குழந்தைகள் நலம் என்று ஐந்து இலாகாவும் ஒன்றாகக் கிளம்பிவிடும். வகுப்புச் சுவரில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு நேரேயும் ஒரு விளக்கு உண்டு; குறையொன்றும் காதில் விழாதவரை அது பச்சையாக எரியும்.

சகாயமேரி டீச்சருக்கும் அதில் பெருமைதான், போன ஆடி மாதம் வரை. அடிதடிக்குப் பேர்போன ஏழாம் வகுப்பு மோனிஷா அன்று காலை பெஞ்சில் சுருண்டு கிடந்தாள். "சாப்பிட்டியாடி?" என்று எப்போதும்போலத்தான் கேட்டார்.

"இல்ல டீச்சர். அம்மா ரெண்டு நாளா வீட்டுக்கு வரல. இருந்தத தங்கச்சிக்குக் குடுத்துட்டேன்."

மத்தியானத்துக்குள் அவள் வீட்டு வாசலில் ஐந்து வண்டிகள் நின்றன. யாரும் அதட்டவில்லை; எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். மோனிஷாவின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. தங்கச்சியை மட்டும் கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிக் காப்பகத்துக்குக் கூட்டிப்போனார்கள். இதோ தையும் பிறந்துவிட்டது, அவள் திரும்பவில்லை. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று டீச்சர் நினைக்காத நாளில்லை.

இன்று மோனிஷாவின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. டீச்சர் பேட்ஜைக் கழற்றி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். அவளருகே போய்க் குனிந்தார்.

"இப்ப சொல்லும்மா. சாப்பிட்டியா?"

பூட்டியிருந்த டிராயரை மோனிஷா பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

"சாப்ட்டேன் டீச்சர்."

அவள் வயிறு இரைந்தது டீச்சருக்கு மட்டும் கேட்டது. சுவரில், அவள் பெயருக்கு நேரே, பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.