கீழே இருந்த பெயர்கள்

“அழிஞ்சு போன ஒரு பக்கத்தைத் தேடி எடுக்க இருநூறு ரூபாயா? அம்பது தாரேன், எடு!”

மலைச்சாமி போட்ட சத்தத்தில், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நூறு. இஷ்டமிருந்தா உக்காருங்க, இல்லாட்டி கெளம்புங்கண்ணே” என்றாள் பாண்டிமீனா. பேரையூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஏழு வருஷமாகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறவள். இதைவிடப் பெரிய சத்தமெல்லாம் கேட்டவள்.

உட்கார்ந்தார். செல்போனை நீட்டினார். பழைய வாட்ஸ்அப் செய்தியில் ஒரு லிங்க். தட்டினால் ‘பக்கம் இல்லை’ என்று வந்தது.

“விவசாயிகளுக்குன்னு நடத்துன வெப்சைட். மூணு வருசம் முந்தி மூடிட்டாய்ங்க. அதுல நான் ஒண்ணு எழுதியிருந்தேன்.”

“பழைய பக்கங்களை எல்லாம் நகல் எடுத்துச் சேத்து வைக்கிற சைட்டு ஒண்ணு இருக்குண்ணே. அதுல மாட்டியிருந்தா உண்டு.”

லிங்க்கை அங்கே ஒட்டினாள். காலண்டர் ஒன்று வந்தது. வருஷம் முழுக்க ஒரே ஒரு தேதியில்தான் நகல் எடுத்ததற்கான புள்ளி. தட்டினாள். படங்கள் வரவில்லை, எழுத்து மட்டும் வந்தது.

‘மோட்டார் மெக்கானிக் இம்மானுவேல் ஒரு திருடன். செம்புக் கம்பிக்குக் காசு வாங்கிக்கொண்டு, மோட்டாருக்குள் சுற்றும் காயிலை அலுமினியக் கம்பியில் கட்டுகிறான். யாரும் போகாதீர்கள். - மலைச்சாமி.’

பாண்டிமீனாவுக்குச் சுருக்கென்றது. ஆள் வராமல் கடையை மூடிவிட்டு, திருப்பூருக்குக் கூலி வேலைக்குப் போன மனுஷன் இம்மானுவேல். அடுத்த வாரம்தான் மறுபடி கடை திறக்கிறார். அதே தெருவில்தான் மலைச்சாமிக்கும் மோட்டார் விற்கிற கடை.

“ஏண்ணே, தன்னால அழிஞ்சதைத் தோண்டி எடுத்து, அவரு பொழப்புல மறுபடியும் மண்ணள்ளிப் போடப் போறீகளா? ஒரு குடும்பத்தைக் கெடுக்குறதுக்கு என் கடையில பிரிண்ட் கெடையாது.”

“ரேட்டு பேசுனப்ப இந்த நியாயமெல்லாம் எங்க போச்சு?” சீறினார். “மேல உள்ளது எனக்கு வேணாம். கீழ பேரு பேரா வருதுல்ல, அதை மட்டும் எடு.”

கீழே, படித்துவிட்டுப் பதில் எழுதியவர்கள். நாற்பத்தொரு பேர்.

“இவங்க எதுக்கு?”

மலைச்சாமியின் குரல் முதல் தடவையாக இறங்கியது.

“அன்னைக்குக் கருகிப் போன என் மோட்டாருக்குக் காயில் கட்டுனவன் வேற ஆளுத்தா. போன மாசம்தான் தெரிஞ்சுச்சு. ஆத்திரத்துல விசாரிக்காம எழுதிட்டேன். பக்கம் அழிஞ்சிருச்சு, சரி. படிச்சவங்க மனசுல இருக்கிறது அழியலையே! அவன் கடை தொறக்குறதுக்குள்ள ஒவ்வொருத்தரையா பிடிச்சு, நான் எழுதுனது பொய்யின்னு சொல்லணும்.”

பாண்டிமீனா பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள்.

மலைச்சாமி ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். பதினோராவது பெயரில் விரல் நின்றது. நிமிர்ந்து, அவள் தலைக்கு மேல், அவள் பெயர் எழுதியிருந்த கடைப் பலகையைப் பார்த்தார். தாளை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

‘பாண்டிமீனா, பேரையூர்: நல்லவேளை சொன்னீங்க. என் போன்ல இருக்கிற எல்லாருக்கும் அனுப்பிட்டேன்.’

“மொத ஆளா உங்கிட்டயே சொல்லிடுறேன்த்தா. இம்மானுவேல் மேல தப்பில்ல” என்றவர், அந்தப் பெயருக்கு நேரே டிக் அடித்தார். பிறகு கேட்டார்:

“நீ அனுப்புனியே அம்புட்டுப் பேரு, அவங்களை எந்தப் பக்கத்துல தேடுறது?”