பைலட்டின் தழும்பு

“தழும்பைத் துடைக்கிற ஷாட் மட்டும்தான் பாக்கி, அக்கா” என்று ஆவணப்படக்காரர் கேமராவை என் தோளுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

என் கையில் பஞ்சு. நாற்காலியில் பைலட்.

இருபத்தொரு வருடம் ஓடிய விண்வெளித் தொடர் அன்று மத்தியானத்தோடு முடிந்திருந்தது. கடைசிக் காட்சியில் கப்பலைப் பத்திரமாக இறக்கிவிட்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு ஒப்பனை அறைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். சொந்தப் பெயரைச் சொன்னால் அவர் தெருவிலேயே வீடு காட்டமாட்டார்கள். பைலட் என்றால் போதும்.

பைலட் என்றால் இடது கன்னத்துத் தழும்பு. காதோரத்தில் தொடங்கித் தாடை வரை வளைந்து இறங்கும்.

பிள்ளைகள் பேனாவால் கன்னத்தில் வரைந்துகொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கினார்கள். ஒரு ஆசாமி பச்சையே குத்திக்கொண்டு வந்து நின்றார், வலது கன்னத்தில். படத்தில் எந்தப் பக்கம் தெரிந்ததோ அந்தப் பக்கமே குத்தச் சொல்லியிருக்கிறார், பாவம். கதையில் அந்தத் தழும்புக்காக ஒரு கிரகப் போரே எழுதினார்கள்.

எனக்கும் அதற்காக ஒரு விருது கிடைத்தது. மேடையில் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். செய்முறை சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்ட கல்லூரிகளுக்கும் போகவில்லை. தினமும் காலை அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்கு ஒப்பனை. ஈ காக்கையைக்கூட உள்ளே விட்டதில்லை. எனக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் வாங்கிய பேச்சு இன்னும் மோசம்.

மனிதர் தழும்பைக் கலைக்காமலேயே வீட்டுக்குப் போவார் என்று ஊருக்கே தெரியும். கல்யாணத்துக்கும் தழும்போடு, மகளின் பள்ளிக்கூடத்துக்கும் தழும்போடு, சொந்த அண்ணன் சாவுக்கும் தழும்போடு. இழவு வீட்டிலாவது நடிப்பை நிறுத்தக் கூடாதா என்று அவருடைய மச்சான் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். பழகிப்போச்சு என்று சொல்லிவிட்டு ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாராம். அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு பெரிய இயக்குநர், தழும்பில்லாமல் வந்தால் கதாநாயகன் வேடம் தருவதாகச் சொன்னார். இவர் போகவில்லை. பாத்திரத்தின் மேல் அப்படியொரு பக்தி என்று பத்திரிகைகள் எழுதின. இருபத்தொரு வருடத்தில் வேறு எதிலும் அவர் நடிக்கவில்லை.

இப்போது முதல் முறையாக இந்த அறைக்குள் கேமரா வந்திருக்கிறது. சேனல் முதலாளியே கேட்டுக்கொண்டதால் தட்ட முடியவில்லை. பைலட் மறைந்து சாதாரண மனிதர் வெளியே வருவதை ஜனங்கள் பார்க்க வேண்டுமாம். துடைத்தால் நான் சேர்த்துவைத்த பெயர் இந்த அறையிலேயே போய்விடும். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து நெற்றியைத் தடவிக்கொண்டார். தலைவலி என்று எழுந்துவிடட்டுமா என்று அர்த்தம். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

நெற்றியில் தொடங்கினேன். பவுடர் வந்தது. புருவத்தின் மை வந்தது, அதற்கடியில் நரை. கண்ணுக்குக் கீழே, கன்னத்தில் பூசியதெல்லாம் போனதும் அறுபது வயது தெரிந்தது. பிறகு புதுப் பஞ்சை நனைத்து, காதோரத்தில் வைத்துத் தாடை வரை இழுத்தேன்.

“இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைங்க அக்கா.”

அழுத்தினேன். பஞ்சைத் திருப்பிப் பார்த்தேன். வெள்ளையாகவே இருந்தது.

ஆவணப்படக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு அந்தக் கன்னத்தை நேராகவே பார்த்தார். அவர் ஏதும் கேட்பதற்குள் பைலட் முந்திக்கொண்டார்.

“நிஜத் தழும்புதான் தம்பி. சின்ன வயசுல சைக்கிள்லேருந்து விழுந்தேன். அக்கா அதைக் கொஞ்சம் எடுப்பாக் காட்டுவாங்க, அதுதான் அவங்க கைவண்ணம்.”

அவருக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது.

இருபத்தொரு வருடத்துக்கு முன்னால், படப்பிடிப்பு தொடங்கப் பத்து நாள் இருந்தது. வேஷம் பொருத்திப் பார்த்த அன்று, அவர் காதோரத்தில் ஒட்டியிருந்த ரப்பர் துண்டை எடுப்பதற்கு, பசை கரைக்கிற மருந்துக்குப் பதில் அவசரத்தில் பக்கத்துப் பாட்டிலை எடுத்துவிட்டேன். அச்சுகளைக் கழுவுகிற அமிலம். காதோரத்திலிருந்து தாடை வரை ஒரே கோடாக வழிந்தது. அது எனக்கு வேலையில் நாலாவது நாள். வீட்டில் கைக்குழந்தை, சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது.

காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அவர் பத்து நாள் வீட்டிலேயே படுத்துக் கிடந்தார். பதினோராம் நாள் என்னையும் கூட்டிக்கொண்டு நேராக இயக்குநர் முன்னால் போய்க் கன்னத்தைக் காட்டினார். புதிதாக வந்த பெண் எவ்வளவு அருமையாகத் தழும்பு போட்டிருக்கிறாள், பைலட்டுக்கு இது இருந்தே ஆக வேண்டும் என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இயக்குநர் என்னை வாயாரப் பாராட்டினார்.

அந்தக் கதாநாயகன் வேடம் வந்தபோது, தழும்பை மூடிவிடலாம் என்று இதே அறையில் நாலு நாள் முயன்று பார்த்தேன். விளக்குச் சூட்டில் ஒவ்வொரு தடவையும் பூச்சு வெடித்தது. விடும்மா என்றார். அதற்கப்புறம் பவுடரும் மையும் பூசியது போக, அந்தக் காலை அரை மணி நேரத்தில் அவர் பேப்பர் படிப்பார், நான் டீ குடிப்பேன்.

சைக்கிள் கதை ஆவணப்படக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சிரித்துக்கொண்டே கேமராவை அணைக்கக் கை நீட்டினார்.

நான் பஞ்சைக் கீழே வைத்தேன். கண்ணாடியில் பைலட் வேண்டாம் என்று எனக்குத் தலையாட்டினார்.

“அணைக்காதீங்க தம்பி” என்றேன். “என் பக்கம் திருப்புங்க.”