சரிம்மா

உடல்நிலையைக் கண்காணிக்கத் தணிகைவேலின் விலாவுக்குள் பொருத்தியிருந்த மின்னணுச் சில்லு, பெண் குரலில் கொஞ்சியது. "சர்க்கரை ஏறியிருக்குங்க. சிறுநீர்ல அமிலம் கூடிடுச்சு, மறுபடியும் கல்லு கட்டப் பார்க்குது. கொஞ்சம் தண்ணி குடிங்களேன்."

"சரிம்மா," என்று குழைந்த தணிகைவேல், செம்பைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தார்.

சமையலறையிலிருந்த அவர் மனைவி பூங்கோதைக்கு வயிறு எரிந்தது. போன தடவை கல் அடைத்து அவர் தரையில் புரண்டதிலிருந்து, இதே தண்ணீருக்காக அவளும்தான் தொண்டைத் தண்ணீர் வற்றக் கெஞ்சியிருக்கிறாள். ஒரு 'ம்'முக்கு மேல் கிடைத்ததில்லை. முகமே இல்லாத அந்தச் சிறுக்கிக்கு மட்டும் 'ம்மா'வா?

அவர் குளிக்கப் போனதும் பூங்கோதை அந்தச் சில்லைச் செய்த நிறுவனத்தை அழைத்தாள். "அந்தக் குரலை எடுத்துட்டு என் குரலைப் போடுங்க."

மறுநாள் அவர் விலாவிலிருந்து பூங்கோதையே பேசினாள். "என்னங்க, சர்க்கரை ஏறியிருக்கு. தண்ணி குடிங்க."

கைபேசித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் சொன்னார்: "ம்."

செம்பு அப்படியே இருந்தது. அன்றும், அதற்கடுத்த நாள்களிலும்.

மாதம் திரும்புவதற்குள் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி பூங்கோதை மறுபடியும் நிறுவனத்தை அழைத்தாள்.

"தம்பி, அவளையே திரும்ப வைங்க. அவ சொன்னாத்தான் இந்த மனுஷன் குடிக்கிறாரு."