இன்னும் கொஞ்சம் தயாராகணும்

“ஸ்டாப்! பென்சிலைக் கீழ வை.”

கணவன் செல்போனில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தை நிறுத்தினான். சாப்பாட்டு மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த நாற்காலியில்தான் அவளை எப்போதும் உட்கார வைப்பான். அவன் எழுந்து வழிவிட்டால்தான் அவள் வெளியே வர முடியும். கவனம் சிதறக் கூடாதாம்.

“ரெண்டு நிமிஷக் கணக்குக்கு மூணரை நிமிஷம். சரி, விடை என்ன?”

“இருபத்தாறு மணி நேரம்...”

“இருபத்திநாலு! ஒரு குழாய் ஆறு மணி நேரத்துல தொட்டிய நிரப்புது, இன்னொண்ணு எட்டு மணி நேரத்துல காலி பண்ணுது. ரெண்டையும் ஒண்ணா திறந்தா எப்ப நிரம்பும்? ஸ்கூல் பசங்க தூக்கத்துல போடுற கணக்கும்மா இது!”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சரக்குக் கிடங்கில் வேலை பார்க்கிறவள். லாரியின் பின்கதவு திறந்ததுமே இன்னும் எத்தனை பெட்டி ஏறும் என்று கண்ணால் அளந்தே சொல்லிவிடுவாள்.

ஆனால் மேனேஜர் நாற்காலிக்கு அது போதாது, எம்பிஏ வேண்டும். அவளிடம் வேலை கற்றுக்கொண்ட இரண்டு பேர் அதைப் படித்துவிட்டு வந்து இப்போது அவளையே ஏவுகிறார்கள். அந்தப் படிப்புதான் அவளுக்கு இருந்த ஒரே வழி.

நுழைவுத் தேர்வு எழுதப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்றே கணவன் கோச்சிங் பொறுப்பை இழுத்துப் போட்டுக்கொண்டான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அதே தேர்வில் கோட்டை விட்டவன். அந்த ஒரு அனுபவமே தாராளம் என்று முடிவு செய்துவிட்டான். அட்டவணை போட்டான், காபி போட்டான், அவள் படிக்கட்டும் என்று பாத்திரம்கூடத் தேய்த்தான்.

தேதியை முன்னாலோ பின்னாலோ அவரவரே மாற்றிக்கொள்ளக்கூடிய தேர்வு அது. அதற்கான இணையக் கணக்கையும் அவனே தொடங்கினான். மறக்காமல் இருக்கட்டும் என்று கல்யாண நாளையே பாஸ்வேர்டாக வைத்தான். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அதைத் திறப்பான், உதட்டைப் பிதுக்குவான், “இன்னும் கொஞ்சம் தயாராகணும்” என்பான், தேதியைத் தள்ளிப் போட்டுவிடுவான். இப்படி நாலு தடவை ஆயிற்று, இரண்டு வருடம் ஓடிவிட்டது.

அம்மாவிடம் ஒருமுறை வாயைத் திறந்து பார்த்தாள். “பொண்டாட்டி படிக்கணும்னு பாத்திரம் தேய்க்கிற மாப்பிள்ளையவா குறை சொல்ற? கொழுப்புடி உனக்கு!” என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

அடிக்கிற புருஷன் என்றால் நாலு பேர் வந்து கேட்பார்கள். அக்கறையாலேயே அமுக்குகிறவனை யார் கேட்பது?

அவன் ஏன் இப்படிச் செய்கிறான் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒருநாள் வாய் தவறிச் சொல்லியிருந்தான். “ரெண்டு வருஷம் ஹாஸ்டல்ல இருந்து பழகிட்டா, அப்புறம் இந்த வீடெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியுமா?” சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“உன்கிட்ட சீரியஸ்னெஸ்ஸே இல்ல,” என்று இப்போது ஆரம்பித்தான். “ரெண்டு மாசம் முன்னாடி, ஸ்டாக் எடுக்கணும்னு ஒரு சனிக்கிழமை முழுக்கப் போயிட்ட. கையெல்லாம் கருப்பு மையோட வந்து நின்ன.”

“போர்டுல எழுதி எழுதி அழிச்சேங்க.”

“அந்த நேரத்துல நூறு கணக்குப் போட்டிருக்கலாம்!”

மேசையில் கவிழ்த்து வைத்திருந்த அவளுடைய போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். ஒரு தடவை படித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

“யாரு?”

“காலேஜ்லேர்ந்து மெயில்.”

“விளம்பரமாத்தான் இருக்கும். தினமும் ஒண்ணு அனுப்புவாங்க. மூடி வை.”

மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். உதடு பிதுங்கியது. அடுத்து என்ன வரும் என்று அவளுக்கு மனப்பாடம்.

“இன்னும் பத்தே நாள்தான் இருக்கு. இந்த லட்சணத்துல போனா மானம் போயிடும். இன்னும் கொஞ்சம் தயாராகணும்.”

“இந்தத் தடவையும் தள்ளிப் போடணுமாங்க?”

“உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்!”

பாஸ்வேர்டைத் தட்டினான். பக்கம் திறந்தது. மேலே போனான், கீழே போனான், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தான்.

“என்ன இது, தேதி மாத்துற பட்டனையே காணோம்?”

அவள் பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினாள்.

“சைட்டுல ஏதோ கோளாறு. இரு, கஸ்டமர் கேருக்குப் போன் பண்றேன். இவங்களை நாலு வார்த்தை கேட்டாத்தான் சரிவரும்!”

அவன் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் ‘உங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது’ என்ற காலேஜ் மெயிலோடு தன் போனை மேசைமேல் அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள். குரலை உயர்த்தாமல், ஒரு சந்தேகம் கேட்பது போலக் கேட்டாள்.

“அந்தச் சனிக்கிழமையே எழுதி முடிச்ச பரீட்சைக்கு எப்படிங்க தேதி மாத்துவாங்க?”